புதன்கிழமைச் சவரம்

கடை ஷட்டரில் அவள் ஒட்டிய காகிதம் இன்னும் இருக்கிறது. "செவ்வாய் லீவு. தட்டாதே." தட்டாதீர்கள் என்று எழுத அவளுக்கு மனசு வந்திருக்காது.

முகத்துக்கு நேரே அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். என்னைவிட ஐந்து வயது சின்னவள். இருந்தாலும் அக்காதான். எண்ணூரிலிருந்து நெட்டுக்குப்பம் போகிற அந்தத் தெருவில் பேரன் பேத்தி எடுத்தவர்கள்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஆனால் மனசுக்குள் எனக்கு எப்போதும் 'அவள்'தான். இப்போது ஆள் இல்லாததால் மனசுக்குள் இருந்தபடியே எழுதுகிறேன். பெயர் மட்டும் போடவில்லை. அதற்கு அவளிடம் அனுமதி வாங்கவில்லை.

அவள் சலூனில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு முப்பத்தொன்பது வயது. மணலியில் ஒரு கம்பெனியில் பதினாறு வருஷம் காண்ட்ராக்டில் இருந்தேன். ஒருநாள் கேட்டில் பாஸை வாங்கிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள். எங்கள் வீட்டில் தாத்தா காலம்வரை சவரத் தொழில்தான். அப்பா அதை விட்டு ஹார்பருக்குப் போனார், நான் கம்பெனிக்குப் போனேன். திரும்பவும் கத்தியிடமே வந்து நின்றபோது அவள் என் கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

"உங்க வூட்டுத் தொழிலு தான இது? கையி இன்னா இப்டி கீது, ரோடு போடுறவன் கையி மாரி?"

"கம்பெனில வால்வு திருப்பிகினு இருந்தேன்கா."

"இங்க வால்வு இல்ல. பெருக்கு மொதல்ல."

கடையில் இரண்டு நாற்காலி. ஒன்று அவளுடையது. இன்னொன்று காலி. அந்தக் காலி நாற்காலி எனக்குக் கிடைத்தால்தான் நான் தொழிலாளி. அதுவரை முடி பெருக்குகிற ஆள்.

மற்ற கடைகள் மாதிரி அங்கேயும் எல்லாருக்கும் பாதி பிளேடுதான். ஒருமுறை போட்டுத் தூக்கி எறிகிற பிளேடு. ஆனால் கடலுக்குப் போகிறவர்கள் ஏழு பேர் இருந்தார்கள். உப்புத் தண்ணீரில் ஊறி ஊறி அவர்கள் தாடி கம்பியாகிவிட்டது. பிளேடு போட்டால் மறுநாள் கன்னமெல்லாம் கொப்புளம். அவர்களுக்கு மட்டும் பழைய சவரக்கத்தி, ஆளுக்கொரு கத்தி. ஒருத்தன் கத்தி இன்னொருத்தன் முகத்தில் படக்கூடாது என்று ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு நிற நூல் சுற்றி டப்பாவில் வைத்திருந்தாள். அந்தக் கத்திகளைத் தீட்டத் தெரிந்தவனுக்குத்தான் நாற்காலி என்று சொல்லிவிட்டாள்.

எனக்கும் ஒரு கத்தி கொடுத்தாள். மஞ்சள் நூல்.

தீட்டுவதை ஒரே ஒரு தடவை காட்டினாள். சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்ட தோல் பட்டை. அதன் நுனியை இடது கையால் விறைப்பாக இழுத்துப் பிடித்து, கத்தியைத் தட்டையாகப் படுக்க வைத்தாள். மழுங்கின முதுகு முன்னால் போக, கூரான வாய் பின்னால் வர, ஒரு இழுப்பு. கடைசிவரை போனதும் முதுகின் மேலேயே புரட்டித் திரும்ப ஒரு இழுப்பு. போகும்போதும் வரும்போதும் ஒரே சத்தம்.

"பாத்துகினியா?"

"பாத்தேன்கா."

"அவ்ளோதான். நாப்பது தபா இழு. அப்பால வந்து குந்து."

எங்கே குந்துவது என்று எனக்குப் புரியவில்லை. நாற்காலியைக் காட்டினாள். அதுதான் அவள் சட்டம். எவன் தீட்டினானோ அவன் முகத்தில்தான் அந்தக் கத்தி முதலில் போகும்.

அன்றைக்கு நான் கத்தியை முதுகின் மேல் புரட்டாமல் வாயின் மேல் புரட்டியிருந்தேன். பட்டையில் ஒரு கீறல், கத்தியில் கூர் போய்விட்டது. அவள் சோப்பை நுரைத்துப் பூசி, தோலை விரலால் இழுத்துப் பிடித்து, காதோரம் தொடங்கினாள். ஒவ்வொரு முடியையும் வேரோடு பிடுங்குவதுபோல இருந்தது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"இன்னா நைனா, இழுக்குதா?"

"இழுக்குதுக்கா."

"யாரு தீட்டுனது?"

"நான்தான்."

"ம்." மீதிக் கன்னத்தையும் நிதானமாக முடித்தாள். பிறகு படிகாரக் கட்டியைத் தண்ணீரில் நனைத்து, காயம் பட்ட இடமாகப் பார்த்து வைத்து அழுத்தினாள்.

இது தினமும் நடந்தது. இந்த நான்கு வாக்கியமும் தினமும் உண்டு. காத்திருக்கிற வாடிக்கையாளர்கள் பேப்பரை மடக்கி வைத்துவிட்டுப் பார்ப்பார்கள். என்ன தப்பு என்று ஒருநாளும் சொல்ல மாட்டாள். பட்டையைத் தொய்வாகப் பிடித்ததை நான்கு நாளில் கண்டுபிடித்தேன். கத்தியை அழுத்தக்கூடாது, அதன் கனத்திலேயே போகவிட வேண்டும் என்பதற்கு இரண்டு வாரம் ஆனது. துடைத்து, தையல் மிஷின் எண்ணெய் தடவாமல் வைத்தால் கடல் காற்றில் ஒரே ராத்திரியில் துரு புள்ளி வைக்கும் என்பதையும் என் தாடைதான் எனக்குச் சொன்னது.

அவள் எனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்தால் தப்பு. எதிர்க் கடை டீக்காரர் ஒருநாள் பழைய டிக்காஷனில் தண்ணீர் ஊற்றி அனுப்பிவிட்டார். கிளாஸை எடுத்துக்கொண்டு நேரே போனாள். அவருடைய பெஞ்சில் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"நீயே குட்சிப் பாரு."

"விடுக்கா, வேற போட்டுத் தர்றேன்."

"வேற வோணாம். இத்தக் குடி. நான் நிக்கிறேன்."

கடைசிச் சொட்டுவரை குடிக்க வைத்துவிட்டுத்தான் நகர்ந்தாள். அன்றைக்குச் சிரித்ததில் நானும் ஒருவன், ஒளிக்க என்ன இருக்கிறது. அடுத்தவன் மாட்டும்போது நன்றாகத்தான் இருக்கிறது.

இந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்று சிவப்பு நூல் கத்திக்காரர் சொன்னார். போட் வைத்திருந்தவர், எழுபது வயது, ஏழு பேரில் மூத்தவர். கடை முதலில் அவள் புருஷனுடையது. அவள் வாசலில் உட்கார்ந்து பார்த்தே பழகியவள். ஒருநாள் காலையிலேயே குடித்துவிட்டுத் தீட்டிய கத்தியால் அவன் இந்தப் போட்காரருக்குச் சவரம் செய்து, தாடையில் ஒரு விரல் நீளத்துக்கு இழுத்துவிட்டான். அவள் உள்ளே வந்தாள். புருஷனைப் பிடித்து அதே நாற்காலியில் உட்கார வைத்தாள். அதே கத்தி. நுரைகூடப் போடவில்லையாம்.

"அவன் கத்துறான். இவ 'யாரு தீட்டுனது'ன்னு கேட்டுகினே இழுக்குறா. நான் ரத்தத்தப் புட்சிகினே போதும்மா வுட்டுருன்னு கெஞ்சுறேன். மறாநாளு பூட்டான். எங்க பூட்டான்னு இன்னி வரிக்கும் தெர்ல."

புருஷன் விட்டுப்போன கத்தியையும் அவன் தீட்டிய பட்டையையும் அவள் எடுத்துக்கொண்டாள். கறுப்பு நூல் கத்தி அது. அன்றைக்கு அப்புறம் யார் முகத்திலும் பட்டதில்லை, ஆனால் வாரம் தவறாமல் எண்ணெய் போடுவாள். அந்தப் பட்டை வாசல் பக்கம் தனியாகத் தொங்கும். யாரும் தொடக்கூடாது. ஒருநாள் அது காற்றில் ஆடியபோது நான் சும்மா பிடித்து நிறுத்தினேன். சீப்பாலேயே என் மணிக்கட்டில் அடித்தாள்.

நான் வீட்டில் ஒரு பொய் சொல்லியிருந்தேன். கம்பெனி போனதிலிருந்து என் மனைவி என்னிடம் பேசுவது குறைந்துவிட்டது. எர்ணாவூரில் நான்காவது மாடி வீடு. படி ஏறி உள்ளே போனால் அந்த மௌனம்தான் முதலில் எதிரே வரும். பொறுக்க முடியாமல் ஒருநாள், "சேரு குடுத்துட்டாங்க" என்று சொல்லிவிட்டேன். நீண்ட நாளைக்கு அப்புறம் அன்றைக்கு எனக்குத் தோசை சூடாகக் கிடைத்தது. முகத்தில் காயம் ஏன் என்று கேட்டதற்கு, சும்மா இருக்கிற நேரத்தில் என் முகத்திலேயே பழகிக்கொள்கிறேன் என்றேன்.

இரண்டு மாதத்தில் கை ஓரளவு வந்துவிட்டது. வியாழன் முதல் திங்கள்வரை கத்தி வெண்ணெய் மாதிரி போகும். "இழுக்குதா?" "இல்லக்கா." "ம்." ஆனால் புதன்கிழமை மட்டும் இழுக்கும். செவ்வாய் லீவு முடிந்து வந்து, அதே கை, அதே நாற்பது இழுப்பு. கத்தி வாயில் கண்ணுக்குத் தெரியாத பல் முளைத்திருக்கும். ஐந்து புதன் இப்படிப் போனது. எண்ணெயை மாற்றிப் பார்த்தேன், அறுபது தடவை இழுத்துப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு வாரமாவது ஆறு நாளும் ஒழுங்காக வந்தால்தான் நாற்காலி. அவள் ஒவ்வொரு புதனும் என்னைக் கொஞ்சம் ஆவலோடு எதிர்பார்ப்பதுபோலக்கூட எனக்குத் தோன்றும்.

ஐந்தாவது புதன் நான் சாப்பாட்டு டப்பாவை வீட்டில் மறந்துவிட்டேன். என் மனைவி எடுத்துக்கொண்டு வந்தாள். அவள் வாசலில் வந்து நின்றபோது நான் நாற்காலியில் தலையை அண்ணாந்து கிடக்கிறேன், தொண்டைக்குழியில் கத்தி, கன்னத்தில் கண்ணீரும் ரத்தமும். கடைக்காரி அவளைக் கண்ணாடியில் பார்த்துவிட்டாள். கையை நிறுத்தவில்லை.

"இன்னா நைனா, இழுக்குதா?"

நான் கண்ணாலேயே கெஞ்சினேன். என்னைக் காப்பாற்ற அவள் ஒன்றும் செய்ய வேண்டாம், அன்றைக்கு ஒருநாள் அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டிருந்தாலே போதும்.

"கேக்குறேன்ல?"

"இழுக்குதுக்கா."

"யாரு தீட்டுனது?"

"நான்தான்."

"உன் வூட்டுக்காரியா அது? வாம்மா. இவன் சேருல குந்திகினு கீறான்னு பாத்தியா? இப்டித்தான் குந்துவான். நிக்கிற வேல இன்னும் தரல."

என் மனைவி டப்பாவை பெஞ்சில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள். கடைக்காரி எனக்குப் படிகாரம் வைத்தாள். அந்த நிமிஷம் அவளை நான் வெறுத்த மாதிரி வாழ்க்கையில் யாரையும் வெறுத்ததில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சே இல்லை. கோபத்தில் மொட்டை மாடியில் காயப்போட்ட துணியைக்கூட அவள் எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையில்தான் போய் எடுத்தாள். நானும் பின்னாலேயே போனேன். என் வெள்ளைச் சட்டையை உதறினாள். சாம்பலாக ஒரு புகை கிளம்பிப் போனது. அனல்மின் நிலையத்துச் சாம்பல், எங்கள் பக்கம் யாரும் அதைப் பெரிதாகப் பேச மாட்டோம். மழை மாதிரி அதுவும் ஒன்று.

"ரெண்டு நாளு வுட்டா போதும், மாவு மாரி அப்பிக்குது," என்றாள். என்னிடம் சொல்லவில்லை. சட்டையிடம் சொன்னாள்.

நான் அங்கேயே நின்றுவிட்டேன். செவ்வாய் ஒரு நாள், முன்னும் பின்னும் இரண்டு ராத்திரி. பட்டை ஆணியில் தொங்குகிறது, தோல் பக்கம் வெளியே பார்த்து. ஷட்டர் இடுக்கில் வருகிற சாம்பல் அதன் மேல் உட்கார்ந்துகொள்கிறது. நான் அதில்தான் கத்தியை இழுத்திருக்கிறேன். மற்ற நாளில் முந்தைய நாள் தீட்டியதால் அது தங்கவில்லை.

அடுத்த திங்கள் சாயங்காலம் பட்டையைத் தோல் பக்கம் சுவரைப் பார்க்கத் திருப்பி மாட்டினேன். புதன் காலை உள்ளங்கையால் இரண்டு தடவை துடைத்துவிட்டுத் தீட்டினேன். கத்தி கன்னத்தில் போனதே தெரியவில்லை.

"எவன் சொன்னான்?" என்றாள்.

"யாரும் சொல்லல. வூட்டுக்காரி துணி உதறும்போது தெரிஞ்சுது."

"அப்போ சேரு அவளுக்குத்தான் தரணும்."

"உனக்கு முன்னாடியே தெரியுமாக்கா?"

"தெரியாம?"

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல. ஆறு வாரம்."

"சொன்னா காதோட பூடும். இப்போ மூஞ்சில கீது. சாவுற வரிக்கும் மறக்க மாட்ட."

அந்த வாரம் முடிந்ததும் நாற்காலியைக் கொடுத்தாள். பாராட்டி ஒரு சொல் இல்லை. நாற்காலியின் மேல் போட்டிருந்த துண்டை எடுத்து என் தோளில் எறிந்தாள்.

அவளிடம் இரக்கமே இல்லை என்று சொன்னால் அதுவும் பொய். அந்தப் போட்காரர் மாரடைப்பில் போனபோது, நெட்டுக்குப்பத்துக்கு அவர் கத்தியை எடுத்துக்கொண்டு தானே போனாள். நானும் கூடப் போனேன். பெண்பிள்ளை செய்யலாமா என்று யாரோ முணுமுணுத்தார்கள். காதில் வாங்கவில்லை. வாசலில் பட்டையைக் கட்டி எண்பது தடவை இழுத்தாள். பிணத்தின் முகத்துக்கு வெந்நீர் ஒற்றினாள். தாடையில் அந்தப் பழைய தழும்பு வந்த இடத்தில் கத்தியை அவ்வளவு மெதுவாகக் கொண்டுபோனாள்.

வரும் வழியில் கேட்டேன். "ஏன்கா எண்பது?"

"அவரு இழுக்குதுன்னு சொல்ல மாட்டாருல்ல. அதான்."

போன வருஷம் அவளுக்கு மார்பில் கட்டி. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ந்து மருந்து ஏற்றிக்கொண்டாள். முதல் மருந்து ஏற்றிய மறுநாளே கடைக்கு வந்து, கறுப்பு நூல் கத்திக்கு எண்ணெய் போட்டு, வாசல் பக்கத்துத் தன் பட்டையில் இரண்டு இழுப்பு இழுக்கும்போதே வாந்தி வந்துவிட்டது. அப்படியே ஆட்டோவில் ஏறிப் போனாள். அவள் பட்டை திருப்பப்படாமல் வாசல் பக்கம் பார்த்தபடி தொங்கியது. மூன்று வாரம் நான் அதைப் பார்த்தேன். தொடக்கூடாது என்று சொன்னவள் அவள்தானே என்று விட்டுவிட்டேன்.

ஒரு புதன் காலை வந்து இறங்கினாள். பாதி எடை இல்லை. தலைத்துணியை அவிழ்த்தாள். திட்டுத் திட்டாக முடி கொட்டியிருந்தது.

"தலகாணி பூரா மசுரு. கலீஜா கீது. வழிச்சிரு." அவிழ்த்த துணியை மடித்துக்கொண்டே, "காயம் ஆவக் கூடாதுன்னு டாக்டரு சொல்லிக்கீறாரு. ஆச்சின்னா ஆறாதாம்," என்றாள்.

"நான் தீட்டுறேன்கா, குந்து."

"என் கத்தி. நான் தீட்டுவேன்."

கறுப்பு நூல் கத்தியை எடுத்தாள். மருந்தில் விரல் நுனியெல்லாம் மரத்துப் போயிருந்தது, டப்பாவைத் திறக்கவே இரண்டு தடவை முயன்றாள். தன் பட்டையின் நுனியைப் பிடித்தாள். துடைக்கவில்லை. வெயில் வாசல் வழியாகச் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. தோலின் மேல் மூன்று வாரச் சாம்பல் சாம்பலாகவே தெரிந்தது. அவள் கத்தியை வைத்து இழுத்தாள்.

அக்கா, துடை. இரண்டே சொல். வாய்வரை வந்தது. அந்த நேரத்தில் என் மனைவி டப்பாவை வைத்துவிட்டுத் திரும்பி நடந்தது நினைவுக்கு வந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன். நாற்பது இழுப்பையும் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு நின்றேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

நாற்காலியில் உட்கார்ந்தாள். உச்சியில் கத்தியை வைத்து முதல் இழுப்பு இழுத்ததுமே என் கைக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்கும் தெரிந்திருக்கும். நாற்காலிக் கையைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்தன.

"இழுக்குதாக்கா?" என்று கேட்டேன்.

கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். "இல்ல."

அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். பக்கத்திலேயே சுத்தமான பட்டை தொங்குகிறது, ஒரு நிமிஷ வேலை. நான் நிறுத்தவில்லை. மூன்று இடத்தில் ரத்தம் வந்தது. நெற்றிக்கு மேலே ஒன்று, பின்னந்தலையில் இரண்டு. அவள் ஒரு சத்தம் போடவில்லை. "படிகாரம்," என்று மட்டும் சொன்னாள். வைத்தேன். அழுத்தினேனா என்று கேட்காதீர்கள்.

எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு தன் பட்டையிடம் போனாள். மேலிருந்து கீழே உள்ளங்கையால் ஒரே ஒரு தடவை துடைத்தாள். கையைத் திருப்பிப் பார்த்தாள். சாம்பல்.

"நீ பாத்தியா?"

"பாத்தேன்கா."

"எப்போ?"

"நீ தீட்டும்போதே."

அவள் முகத்தில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். "நீ கத்துகின," என்றாள். அந்தக் கையை என் சட்டை மார்பில் வைத்துத் துடைத்துவிட்டு, துணியைத் தலையில் சுற்றிக்கொண்டு ஆட்டோ பிடிக்கப் போனாள்.

பத்து நாளில் காய்ச்சல் என்று திரும்பவும் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அதற்கப்புறம் வரவில்லை. நோய்தான் என்றார்கள். தலையில் காயம் எப்படி வந்தது என்று யாரும் என்னைக் கேட்கவில்லை, கேட்க அவளுக்கு யாரும் இல்லை. ஏழு கத்திக்காரர்களில் மீதி ஆறு பேரும் இப்போது என் நாற்காலிக்குத்தான் வருகிறார்கள். நல்ல கை என்கிறார்கள்.

புதன்கிழமை காலை மட்டும் ஷட்டரைத் திறந்ததும் நான் மஞ்சள் நூல் கத்தியை எடுத்து அவளுடைய பட்டையில் தீட்டுகிறேன். துடைப்பதில்லை. பிறகு அவள் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு முடிக்கிறேன்.

போன புதன் சாயங்காலம் என் மனைவி என் தாடையைத் திருப்பிப் பார்த்தாள். இப்போதெல்லாம் நன்றாகப் பேசுகிறாள்; பட்டையில் சாம்பல் படிகிற கதையை அவளிடம் எப்போதோ சொல்லியிருந்தேன்.

"சேரு வந்து இவ்ளோ நாளாவுது, இன்னும் இப்டி கீறிகினு வர்றியே?"

"புதன்கெழம இழுக்குது," என்றேன்.

"அதான் தெரியும்ல, சாம்பலு. தொடச்சிட்டுத் தீட்ட வேண்டியதுதான?" என்றாள்.